தார் ஜீப்பில் இரண்டாவது பேட்டரி: ஐப்பசிக்குள் மாட்டியாக வேண்டும், வழி சொல்லுங்கள்

கோரையாற்றுக்கரை:

வணக்கம். வண்டி 2017 தார், சிஆர்டிஇ டீசல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில். கொஞ்சம் நிலம் இருக்கிறது, சம்பா மட்டும்தான் போடுகிறோம். அதோடு பங்காளியோடு சேர்ந்து காயல் பக்கம் இரண்டு இறால் குட்டை. குட்டைக்குப் போகிற கடைசி 3 கிலோமீட்டர் வெறும் களிமண் கரை, ஒரு மழை பெய்தால் போதும், ஃபோர் வீல் இல்லாமல் எதுவும் நகராது. அதற்காகத்தான் இந்த வண்டியே வாங்கினேன்.

இரவுக் காவலுக்குப் போனால் வண்டிதான் வீடு. போன வருஷம் 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி வைத்தேன். சாப்பாடு, தண்ணீர், சில நாள் ஆய்வுக்கு அனுப்ப வேண்டிய இறால் எல்லாம் அதில்தான். இரண்டாவது வாரமே ஒரு நாள் அதிகாலை 4 மணிக்கு செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான், பேட்டரி உட்கார்ந்துவிட்டது. களிமண்ணில் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. விடிந்து டிராக்டர் வந்து இழுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் இரண்டாவது பேட்டரி கேட்பதற்கு உண்மையான காரணம் அதுவல்ல. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் நின்றிருந்த ஒரு கம்பம் பாக்கியில்லை. மறுபடி கரண்ட் வர 23 நாள் ஆனது. அம்மா இன்சுலின் போடுகிறவர். முதல் வாரம் மண்பானையில் ஈரத்துணி சுற்றி வைத்துச் சமாளித்தோம், அப்புறம் அது கெட்டதா நல்லதா என்று தெரியாமலே போட்டு, சர்க்கரை ஏறி, ரோட்டில் மரம் வெட்டிக்கொண்டே மன்னார்குடி வரை கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. அந்த நாள்கள் இன்னொரு தடவை வரக்கூடாது. அடுத்த புயலுக்கு இந்த வண்டி வாசலில் நின்றால் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், ஒரு ஃபேன் சுற்ற வேண்டும், இரண்டு விளக்கு எரிய வேண்டும், அக்கம்பக்கத்துப் போன்கள் சார்ஜ் ஆக வேண்டும். அதற்குத்தான் கேட்கிறேன்.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்றைப் பின்னால் கட்டி, முன் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுக்கிறேன், அரை நாள் வேலை என்கிறார்கள். கேட்பதற்கே பயமாக இருக்கிறது. எந்த பேட்டரி, எப்படி இணைப்பது, எங்கே வைப்பது, செய்தவர்கள் சொல்லுங்கள்.


ஒரத்தநாடு டிராக்டர்:

என்னிடம் இருப்பது பழைய மேஜர் ஜீப். இரண்டு பேட்டரி, நடுவில் கையால் திருப்புகிற கட்ஆஃப் சுவிட்ச், வேறொன்றும் இல்லை. ஓடும்போது சுவிட்சைப் போடு, நிறுத்தினால் எடு. 6 வருஷமாக ஓடுகிறது. குறை என்னவென்றால் எடுக்க மறந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே உட்காரும். அறுப்பு சமயத்தில் அசதியில் இரண்டு தடவை எனக்கே அப்படி ஆனது. காசு குறைவாக வேண்டும், மறக்காத ஆள் என்றால் இது போதும். அம்மா மருந்து விஷயம் என்பதால் உங்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன் தம்பி.


துவாக்குடி ஒயர்மேன்:

தம்பி, நான் பேனல் ஒயரிங் வேலையில் இருப்பவன், ஓய்வு நாளில் நண்பர்களின் ஜீப்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எந்த பேட்டரி என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் செலவுக் கணக்கை எழுதுங்கள். உங்கள் அளவு ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும், நம் ஊர் புழுக்கத்தில் பாதி நேரம் ஓடும், அப்படியானால் சராசரி மணிக்கு 2. காவல் இரவு 12 மணி நேரம் என்றால் 24 ஏஹெச். 20 வாட் விளக்கு 4 மணி நேரம், அது 7. போன் இரண்டுக்கு 3. ஆக ஒரு இரவுக்கு 34. புயல் நாள் என்றால் ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடி 48, விளக்குகள் 10, 20 வாட் டிசி ஃபேன் 8 மணி நேரத்துக்கு 13, போன்கள் 5, மொத்தம் 76. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

இப்போது பேட்டரி. வண்டியோடு வருகிற ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும், சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும்படி செய்தது. அதை ராத்திரி முழுக்க மெல்ல மெல்லக் காலி செய்தால் சில மாதங்களில் செத்துவிடும். அதனால்தான் உங்களுக்கு அன்று காலை டிக் டிக். அந்த பேட்டரியையும் ஒருமுறை கடையில் லோடு வைத்துப் பார்த்துவிடுங்கள், ஒரு தடவை முழுதாகக் காலியானதே அதற்குப் பெரிய அடி.

வீட்டு டியூபுலர் அடித்தளம் ஆடாத இடத்துக்குச் செய்தது. உயரம் அதிகம், எடை 50 கிலோவுக்கு மேல், உள்ளே ஆசிட் தளும்பும். உங்கள் களிமண் கரையில் வண்டி சாய்ந்து ஏறும்போது அது மூடி வழியாக வெளியே வரும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வேறு விடும். ஆட்கள் உட்காருகிற, இரவில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிற இடத்தில் அதை வைக்கவே கூடாது. அந்தக் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், வீட்டு வேலை பார்த்துப் பழகியவர், ஆனால் வேண்டாம்.

மிச்சம் இரண்டு. ஏஜிஎம் என்கிற மூடிய ஈய பேட்டரி, இல்லையென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஈயத்தில் 100 ஏஹெச் என்று எழுதியிருந்தால் நீடித்து உழைக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அந்த 100-ம் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கிற கணக்கு, வேகமாக எடுத்தால் அதுவும் குறையும். உங்கள் காவல் இரவுக்கு அது தாங்கும், புயல் நாளுக்குத் தாங்காது. லித்தியத்தில் 100-க்கு 80, 90 வரை எடுக்கலாம், எடை 12 கிலோ சுமார், ஈயத்தில் பாதிகூட இல்லை. விலை அதிகம்தான். ஆனால் 76 என்ற உங்கள் எண்ணைப் பார்த்தால் நான் லித்தியம் 100 என்றுதான் சொல்வேன். பானட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள், இன்ஜின் சூடு அதற்கு ஆகாது. உங்கள் தாரில் பின் சீட் பக்கவாட்டு பெஞ்ச்தானே, அதன் அடியில் இரும்புத் தட்டு வைத்து, ஸ்ட்ராப் இல்லை, போல்ட் போட்டு இறுக்குங்கள். வண்டி கவிழ்ந்தால்கூட அது இடத்தை விட்டு நகரக்கூடாது.

அடுத்து இணைப்பு. நிறையப் பேர் விஎஸ்ஆர் என்கிற ரிலே போடுகிறார்கள். முன் பேட்டரி 13.3 வோல்ட் போல ஏறினால் இரண்டையும் சேர்க்கும், 12.8 போல இறங்கினால் பிரிக்கும். ஈயத்துக்கு ஈயம் என்றால் அருமையான பொருள், நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் லித்தியத்தோடு சேர்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. லித்தியம் ஓய்விலேயே 13.2, 13.3 என்று நிற்கும். இன்ஜினை நிறுத்திய பிறகும் ரிலேவுக்கு அது ‘இன்னும் சார்ஜ் ஆகிறது’ என்றே தோன்றும், பிரியாது. லித்தியம் கிட்டத்தட்ட காலியாகிற வரை இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, லித்தியத்தின் உள் எதிர்ப்பு மிகக் குறைவு, காலியாக இருக்கும்போது ஆல்டர்நேட்டர் (இன்ஜினோடு சுற்றி கரண்ட் தயாரிப்பது) கொடுப்பதையெல்லாம் வாரி இழுக்கும். வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்நேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது, சுருள் கருகும்.

அதனால் உங்களுக்கு டிசி-டிசி சார்ஜர். விக்ட்ரான் ஓரியன் 30 ஆம்பியர் மாதிரி, ரெட்ஆர்க் 25 ஆம்பியர் மாதிரி. அது முன் பேட்டரியிலிருந்து அளவாக எடுத்து, பின் பேட்டரிக்கு எந்த வோல்ட் வேண்டுமோ அந்த வோல்ட்டில் கொடுக்கும், 30-க்கு மேல் போகவே போகாது. இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் ஒயர் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நின்ற வண்டியில் முன் பேட்டரியைப் பின்னால் கொட்டிவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது, ஒயர். எல்லோரும் பேட்டரிக்கு முப்பதாயிரம் கொடுக்கிறார்கள், நடுவில் போகிற ஒயருக்கு முந்நூறு ரூபாய் கணக்குப் பார்க்கிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். 30 ஆம்பியர் வெளியே வர உள்ளே 37 போல எடுக்கும். முன்னாலிருந்து பின்னால் 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், 6 மீட்டர் தாமிரம் என்று வையுங்கள். 6 ஸ்கொயர் எம்எம் ஒயரில் போனால் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 16 ஸ்கொயரில் கால் வோல்ட் கூட இல்லை. அதனால் 16 போடுங்கள், 25 கிடைத்தால் இன்னும் நல்லது.

கார் ஆடியோ கடையில் ஆம்ப்ளிஃபயருக்கு விற்கிற தடிமனான பளபள ஒயரை வாங்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் உறைதான், உள்ளே இருப்பதும் பல சமயம் தாமிர முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அலுமினியத்துக்கு எதிர்ப்பு தாமிரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், உப்புக் காற்றில் சீக்கிரம் பொடிந்தும் போகும். அதற்குப் பதில் வெல்டிங் கேபிள் வாங்குங்கள். திருச்சியில் பெல் கம்பெனியை நம்பி இவ்வளவு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கிறதே, இங்கே அது மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். மெல்லிய தாமிர இழை, ரப்பர் உறை, நன்றாக வளையும், வண்டி ஆட்டத்தைத் தாங்கும்.

ஃபியூஸ் இரண்டு. முன் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று, பின் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இன்னொன்று, 60 ஆம்பியர், மிடி டைப். ஏன் இரண்டு என்றால் அந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் கரண்ட் இருக்கிறது. நடுவில் எங்கே வண்டியின் இரும்பு உடம்பில் பட்டாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாயும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபிரிட்ஜை இல்லை, அந்த ஒயரை, அதன் வழியாக உங்களை.

ஒயர் முனையில் லக் (போல்ட் மாட்டுகிற உலோக வளையம்) அடிக்கும்போது சுத்தியலால் தட்டாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் இருக்கிற ஆளிடம் அடித்து, உள்ளே பசை இருக்கிற, சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். எர்த்துக்கு சேஸியில் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட்டு, மேலே கிரீஸ்.

உங்கள் ஆல்டர்நேட்டர் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, ஐடிலில் முன் பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது, இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.


கோரையாற்றுக்கரை:

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. பேப்பரில் எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே கணக்குதான் வருகிறது.

மீட்டர் இருந்தது, வைத்துப் பார்த்தேன். ஐடிலில் 14.2. ஹெட்லைட், ஏசி போட்டால் 13.9. ஆல்டர்நேட்டர் சீட்டு சேறு அப்பி அழிந்துவிட்டது, படிக்க முடியவில்லை. இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில் 12.5, ஆனால் சிகரெட் சாக்கெட்டின் முனையில் 11.6தான். 0.9 வோல்ட் வழியில் போய்விடுகிறது, அந்தத் துக்கடா ஒயரில். ஃபிரிட்ஜ் அடிக்கடி எர்ரர் காட்டி நின்றதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது, நான் ஃபிரிட்ஜைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். நான் ஓட்டுவதெல்லாம் குறைந்த தூரம். வீட்டிலிருந்து குட்டைக்கு அரை மணி நேரம், டவுனுக்கு அரை மணி நேரம். இதில் அந்த பேட்டரி நிரம்புமா?


உப்பளத்துக் காற்று:

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். ஒயர்மேன் அண்ணன் ஃபியூஸைப் பற்றிச் சொன்னதை நான்கு தடவை படியுங்கள் தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது பொலிரோ கேம்பர். உப்பளத்தில் இரவு வேலைக்கு விளக்கு வேண்டும் என்று 4 வருஷம் முன்னால் ஒரு கடையில் பின்னால் பேட்டரி மாட்டினேன். ஆம்ப்ளிஃபயர் ஒயர்தான் போட்டார்கள், ஃபியூஸ் ஒன்றுகூடக் கிடையாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் டிரில் போட்டு, அந்த ஓட்டையில் ஒயரை நேராக விட்டுவிட்டார்கள். ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கிற ரப்பர் வளையம், குரோமெட், போடவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியாது.

ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒரு கார்த்திகை மாதம், அகஸ்தியம்பள்ளியிலிருந்து கோடியக்கரை போகிற ரோட்டில், மச்சானும் அவர் பையனும் கூட இருந்தார்கள், பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். அரை நிமிஷத்தில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. நிறுத்தி, பையனை இழுத்து வெளியே விட்டு, சாவியைப் பிடுங்கினேன். சாவியை எடுத்தால் நிற்குமா, பேட்டரியிலிருந்து நேராக வருகிற ஒயர். பானட்டைத் தூக்கினால் ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்து கிடக்கிறது. ஸ்பேனர் பின்னால் டூல் பாக்ஸில், பாக்ஸ் உப்பு மூட்டைக்கு அடியில். துண்டைச் சுற்றிக்கொண்டு கையாலேயே டெர்மினலை முறுக்கிப் பிடுங்கினேன். இடது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிடுங்கிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, பின் பேட்டரி. அது பின்னாலிருந்து ஊட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் மூட்டைகளைத் தள்ளி அதையும் பிடுங்கிய பிறகுதான் நின்றது. மச்சான் ரோட்டோர மணலை வாரிப் போட்டு மிச்சத்தை அணைத்தார். அண்ணன் சொன்ன ‘இரண்டு முனையிலும் கரண்ட்’ என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுத்திருந்தது. உப்புத் தூளும் ஈரமும் சேர்ந்து உள்ளே தாமிரம் பூராவும் பச்சைக் களிம்பு பிடித்து, பாதி இழைகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

இப்போது மறுபடி செய்திருக்கிறேன். இரண்டு முனையிலும் ஃபியூஸ், தகட்டில் குரோமெட், முழு நீளத்துக்கும் மடிப்புக் குழாய், ஒவ்வொரு சாணுக்கும் கிளாம்ப். நம் கடற்கரைக்கு வெள்ளீயம் பூசிய தாமிர லக்கே வாங்குங்கள், வெறும் தாமிர லக் ஒரே மழைக்காலத்தில் பச்சையாகும். டெர்மினலில் வெள்ளை பூத்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காய வைத்து, வாசலின் தடவுங்கள். நான் மாதம் ஒரு தடவை செய்கிறேன். பேட்டரி நட்டுக்கான ஸ்பேனர் ஒன்று டிரைவர் சீட் பக்கத்திலேயே கட்டித் தொங்குகிறது.

எலியை மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் கதிர் முற்றுகிற சமயத்தில் வயல் எலி வண்டிக்குள் ஏறும். குழாய்க்குள் போகிற ஒயரை அது தொடுவது குறைவு.


குடந்தை நாற்சக்கரம்:

உப்பளத்து அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுப் போய் என் வண்டியின் குரோமெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நல்லவேளை, எல்லாரும் பிழைத்தீர்கள்.

இந்தத் திரியைப் பின்னால் படிக்கப்போகிற புது வண்டிக்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். கேட்டவரின் வண்டி 2017, 14.2 நிலையாக வருகிறது, அவருக்குக் கவலை இல்லை. ஆனால் பிஎஸ்6 (புதிய புகை விதிமுறை) வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரை இசியு என்கிற வண்டியின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. டீசல் மிச்சம் பிடிக்க, பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டை 12.6, 12.8 என்று இறக்கிவிடும், பிரேக் போடும்போது ஏற்றும். அதில் விஎஸ்ஆர் ஒட்டும், விடும், ஒட்டும், விடும், பின் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. அங்கே டிசி-டிசியைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொன்று, அந்த வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை அதுதான் எண்ணுகிறது. இரண்டாவது பேட்டரியின் எர்த்தை அந்த டெர்மினலின் மேலேயே கொண்டுபோய் மாட்டினால் சென்சாரைத் தாண்டிக் கரண்ட் போய்விடும், இசியு தப்புக்கணக்கு போடும். எர்த்தை சேஸியில்தான் கொடுக்க வேண்டும். எனக்கு வேலை செய்தவர் இதைக் கவனிக்கவில்லை, நிறுத்தத்தில் இன்ஜினைத் தானே அணைக்கிற ஸ்டார்ட்-ஸ்டாப் 2 மாதம் வேலை செய்யாமல் கிடந்தது, மாற்றிப் போட்டதும் சரியானது. வாரண்டி பாக்கி இருக்கிற வண்டியில் ஒயரிங்கில் கை வைக்கும் முன்னால் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.


துவாக்குடி ஒயர்மேன்:

உப்பளத்துத் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கை இப்போது நன்றாக மடங்குகிறதா?

கோரையாறு தம்பி, 14.2 நல்ல எண். சாக்கெட்டில் 0.9 வோல்ட் விழுவதை நீங்களே கண்டுபிடித்தது அதைவிட நல்ல செய்தி, இந்தச் சோதனையை எல்லா ஒயருக்கும் இனிமேல் செய்யலாம். ஃபிரிட்ஜுக்குப் பின் பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் ஒயரில் 15 ஆம்பியர் ஃபியூஸோடு தனி லைன் கொடுங்கள். லைட்டர் மாதிரி சாக்கெட் வேண்டாம், ஆட்டத்தில் கழன்று வரும், ஆண்டர்சன் வகை பிளக் போடுங்கள். ஆல்டர்நேட்டர் அளவு தெரியாவிட்டாலும் 37 ஆம்பியர் சுமையை அது தாங்குகிறதா என்று பார்க்கலாம். மாட்டிய பிறகு ஏசி, லைட் எல்லாம் போட்டு ஐடிலில் வைத்து முன் பேட்டரியைப் பாருங்கள், 13.3-க்குக் கீழே இறங்கினால் ஐடிலில் சார்ஜ் செய்யாதீர்கள், அல்லது சார்ஜரின் அளவைப் பாதியாக்குங்கள்.

குறைந்த தூரம் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. 30 ஆம்பியரில் அரை மணி நேரம் என்றால் 15 ஏஹெச். போக 15, வர 15, ஆக 30. இரவுச் செலவு 34. கிட்டத்தட்ட ஈடாகிறது, ஆனால் தினமும் கொஞ்சம் துண்டு விழும். ஈய பேட்டரியாக இருந்தால் இதுவும் நடக்காது, கடைசி 20 சதவீதம் நிரம்ப அதற்குப் பல மணி நேரம் ஆகும், அரை மணி ஓட்டத்தில் என்றைக்கும் அரைவயிறுதான், அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து சாகும். லித்தியத்துக்கு அரைவயிறு கெடுதல் இல்லை.

துண்டு விழுவதை அடைக்க மேற்கூரையில் 200 வாட் சோலார், அதிலிருந்து பேட்டரிக்கு அளவாகச் சார்ஜ் கொடுக்க ஒரு எம்பிபிடி கண்ட்ரோலர். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 50 ஏஹெச் சுமார் வரும். ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் அது பாதிக்கும் கீழே போகும், அதை நம்பி உட்காராதீர்கள். புயலுக்கு முந்தின நாளே பேட்டரியை நிரப்பி, டேங்கில் டீசலையும் நிரப்பி வையுங்கள். கரண்ட் போன பிறகு தினமும் இரண்டரை மணி நேரம் இன்ஜினைத் திறந்த வெளியில் ஓட்டினால் 75 வந்துவிடும். திறந்த வெளியில் என்பதைக் கவனியுங்கள். கொட்டகைக்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓட்டக்கூடாது, புகை வீட்டுக்குள் போகும். இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்தால் சோலாரே பாதியைப் பார்த்துக்கொள்ளும்.


கோரையாற்றுக்கரை:

முடிவு செய்துவிட்டேன். லித்தியம் 100, டிசி-டிசி 30, வெல்டிங் கேபிள் 25 ஸ்கொயர், இரண்டு முனையிலும் ஃபியூஸ், குரோமெட், குழாய். சோலார் அடுத்த அறுவடைக்குப் பிறகு, இப்போது கையில் அவ்வளவு இல்லை. வருகிற புதன் திருச்சி போகிறேன், கேபிளும் லக்கும் வாங்கி அங்கேயே அடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உப்பளத்து அண்ணே, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

அம்மாவுடைய டாக்டரிடம் போனில் கேட்டேன். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே கூடாது, உறைந்துவிட்டால் இளகிய பிறகும் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டும் என்றார். அதனால் 5 டிகிரியில் வைத்து, உள்சுவரில் ஒட்டாமல் நடுவில் ஒரு டப்பாவில் வைக்கப்போகிறேன், கூடவே ஒரு தெர்மாமீட்டர். இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. சோலார் வரும் வரைக்கும் வீட்டில் கரண்ட் இருக்கும்போது எங்களிடம் இருக்கிற இன்வெர்ட்டரிலிருந்தே இதைச் சார்ஜ் செய்துகொள்ளலாமா?


துவாக்குடி ஒயர்மேன்:

கூடாது தம்பி. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலருக்குச் செய்தது, அதன் சார்ஜிங் வோல்ட்டும் முறையும் வேறு. லித்தியத்துக்கென்றே 14.2-லிருந்து 14.6-க்குள் நிற்கிற சார்ஜர், 10 ஆம்பியர் போதும், தனியாக ஒன்று வாங்குங்கள். பேட்டரி மேல் எந்த வோல்ட் எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதன் காலை 11 மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். தனிச் செய்தியில் எழுதுங்கள், கிரிம்பிங் டூலை எடுத்துக்கொண்டு வருகிறேன், லக் அடிக்கக் கூலி வேண்டாம். பேட்டரி தட்டின் அளவையும் பெஞ்சுக்கு அடியில் இருக்கிற உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக் கொண்டு வந்துவிடுங்கள். மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்க வேண்டும், புது லக் கொஞ்சம் தளரும்.


உப்பளத்துக் காற்று:

கை நன்றாக இருக்கிறது அண்ணே. தம்பி, மாட்டிய அன்று இரவே ஃபிரிட்ஜ், லைட், எல்லாம் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் ஹோல்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கே சுடுகிறதோ அங்கே கழற்றி மறுபடி அடியுங்கள்.